குதிரை இறங்கிய துறையில் குவாட் பைக்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்துவிட்டு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன கிழமை எங்களிடம் படித்த பிள்ளை ஒருவர் வட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். நெடுந்தீவுப் பிள்ளை. கட்டாரில் நாலு வருடம் பாலைவனச் சுற்றுலா முகாம் ஒன்றில் நான்கு சில்லு மணல் பைக்குகளைக் கழுவி, திருத்தி, வெள்ளைக்காரரை ஏற்றி இறக்கி வேலை செய்தவர். இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். படத்தில் இருந்தவையும் அதே வகை, நான்கு சில்லும் இழுக்கும் குவாட் பைக்குகள். "சேர், இதில ரெண்டு எடுத்து நெடுந்தீவில ஓடவிட்டா சரிவருமா? எது நல்லது?" என்று கேட்டிருந்தார். காசு அவருடைய சேமிப்பு. போதாத பங்குக்கு அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போகப் போகிறது. அதையும் மறைக்காமல் சொன்னார்.

நாங்கள் சரித்திரம் படிப்பிக்கிறவர்கள், கராஜ் வைத்திருப்பவர்கள் அல்ல. "பொறு தம்பி, ஒரு கிழமை தா" என்று மட்டும் பதில் போட்டோம். போட்ட பிறகு யோசித்துப் பார்த்தால், இந்தக் கேள்வி எங்கள் தீவுகளுக்குப் புதியதே அல்ல. சவாரிக்கு ஒன்றைக் கடல் கடந்து கொண்டுவருவது. அதை எந்தத் துறையில் இறக்குவது, யார் தீனி போடுவது, நோய் வந்தால் யார் பார்ப்பது, கடலில் போய்விட்டால் நட்டம் யாருடையது. இவை எல்லாவற்றையும் 800 வருடங்களுக்கு முன்னரே இங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். கல்லில்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போகும் நம்மில் எத்தனை பேர் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டைப் பற்றி அறிந்திருக்கிறோம்? பொலநறுவையில் இருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் கட்டளை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை வாசித்து ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். சிங்கள மன்னன் ஒருவன், தமிழில், வெளிநாட்டு வியாபாரிகளுக்காக வெட்டுவித்த கல். இன்று இந்த மூன்றையும் ஒரே வரியில் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கல் என்னவோ பேசாமல் இருக்கிறது.

அதில் உள்ள சங்கதி இதுதான். பரதேசிகள், அதாவது பிறதேசத்து வணிகர், ஊராத்துறைக்கு வந்து கூடவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்படவேண்டும். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. அடுத்ததாக, கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்று வருகிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மீதி மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி அரசுக்கு, சரிபாதி உடையவனுக்கு.

ஏன் இந்த வேறுபாடு? மன்னனுக்கு யானையிலும் குதிரையிலும் விருப்பம் என்று கல்லே காரணம் சொல்கிறது. குதிரை கொண்டுவருவதில் ஆபத்து அதிகம். சேலையும் பாக்கும் நனைந்தால் காயவைக்கலாம், குதிரையைக் காயவைக்க ஏலாது. அந்த ஆபத்தைத் தனியே வியாபாரியின் தலையில் போட்டால் அடுத்த வருடம் அவன் வரமாட்டான். அதனால் அரசு தன் பங்கைக் குறைத்துக்கொண்டது. வகுப்பில் இதைச் சொல்லும்போது "அப்ப இன்சூரன்ஸ் மாதிரியா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. முழுக்க அப்படி இல்லை, ஆனால் அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிட்டது.

ஒரு நூற்றாண்டு கழித்து, கடலுக்கு அந்தப் பக்கம் பாண்டிய நாட்டில் இதே வியாபாரம் பெரிதாக நடந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அதன் கணக்கை எழுதியிருக்கிறார். பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவில் இருந்து ஜமாலுத்தீன் என்ற பெருவணிகர் வருடத்துக்கு 1,400 குதிரைகள் அனுப்புவதாக ஒப்பந்தம். மற்றைய துறைகளில் இருந்து வருவனவற்றையும் சேர்த்தால் வருடம் 10,000 என்கிறார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் செத்த குதிரைக்கும் பாண்டிய அரசின் பண்டாரமே பணம் கொடுக்கவேண்டும் என்பதும் பேச்சு. ஜமாலுத்தீனின் சகோதரர் தகீயுத்தீன் பாண்டிய அரசவையில் அமைச்சர் தரத்தில் இருந்தவர். விற்பவரின் தம்பி, வாங்கும் கந்தோரில் பெரியவர்! கேள்விப்பத்திரம் கோரும் முறை அப்போதே இப்படித்தான் இருந்திருக்கிறது.

ஆனால் எங்களுக்கு வேண்டியது அந்த எண்ணிக்கை அல்ல. ஏன் வருடா வருடம் அத்தனை குதிரை தேவைப்பட்டது? வந்தவை செத்துக்கொண்டே இருந்தன. காயல் துறையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ காரணம் சொல்கிறார். குதிரைக்கு அவித்த சோறும் இறைச்சியும் தீனியாகப் போட்டார்கள். லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் நாட்டில் இல்லை. அப்படிப்பட்டவர்கள் அங்கே போகாமல் குதிரை வியாபாரிகளே தடுத்தார்களாம், குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும். இதில் எவ்வளவு நேரில் கண்டது, எவ்வளவு துறைமுகக் கதை என்று பிரித்துப் பார்ப்பது கடினம். என்றாலும் உதிரிப்பாகம் இல்லாத மெஷின் ஒன்றை மலிவு விலைக்கு வாங்கி, ஒரு வருடத்தில் மாமரத்தடியில் நிறுத்தி வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கதை புதிதாக இராது.

ஊர்காவற்றுறையில் யானை ஏற்றிய கதையை நீங்கள் அறிவீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். வன்னியில் பிடித்த யானைகள் ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் வந்து, ஊர்காவற்றுறையில் கப்பலேறி இந்தியாவுக்குப் போயின. போர்த்துக்கேயர் அந்தத் துறையை 'யானைத் துறை' என்ற பொருளில் தங்கள் மொழியில் அழைத்தார்கள். அந்தப் பெயரில் 'துறை' என்ற சொல் மட்டும் மிஞ்சி, தேய்ந்து, ஆங்கிலத்தில் இன்று நாம் எழுதும் கயிற்ஸ் ஆனது. யானை போய்விட்டது, துறை நிற்கிறது.

இனி நெடுந்தீவு. பசுத்தீவு என்பது அதன் பழைய பெயர்களில் ஒன்று. போர்த்துக்கேயரும் அதையே தங்கள் மொழியில் 'பசுக்களின் தீவு' என்றார்கள். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு நம் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், வேலணைத் தீவு லைடன். எல்லாம் உதிர்ந்துவிட்டன, டெல்ஃப்ற் மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. போர்த்துக்கேயர் கொண்டுவந்த குதிரைகளை ஒல்லாந்தர் அங்கே பெருக்கினார்கள். ஏன் நெடுந்தீவு? கிட்டத்தட்ட 50 சதுர கிலோமீற்றர் தட்டையான வெளி, சுற்றிவரக் கடல். வேலி தேவையில்லை, குதிரை எங்கே ஓடிப்போகும்? முருகைக்கல் தூண்களோடு அவர்களுடைய குதிரை லாயத்தின் இடிபாடு இன்னும் நிற்கிறது. பிரித்தானியர் வந்த பிறகும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி தீவில் இருந்து குதிரைப் பண்ணையை நடத்தினார். பிறகு பண்ணை கைவிடப்பட்டது. குதிரைகள் கைவிடப்படவில்லை, அவை தாமாகவே இருந்துகொண்டன. இன்று தெற்கு வெளியில் நீங்கள் பார்க்கும் கட்டைக் குதிரைகள் அவற்றின் வழிவந்தவை. மேய்ச்சலும் நீரும் மட்டுமட்டான இடத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்து இருந்து உருவம் சிறுத்துவிட்டது. நெடுந்தீவு தனக்கு எந்த அளவு குதிரை காணும் என்று தானே தீர்மானித்துவிட்டது என்றுதான் நாங்கள் இதைப் பார்க்கிறோம்.

குதிரைக்குப் பிறகு மாட்டுவண்டி, சைக்கிள், உழவு இயந்திரம், லான்ட்மாஸ்டர், மோட்டார் சைக்கிள், ஓட்டோ. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய கதையை இங்கே வாசிக்கும் பெரியவர்கள் எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது கேட்டறிந்தது. நாங்கள் புத்தளத்தில் வளர்ந்தவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வாப்பா வீட்டில் விட்டுப்போனது ஒரு ரலி சைக்கிள். வீட்டைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பேசமாட்டார், அந்தச் சைக்கிளின் பெல் சத்தத்தைப் பற்றிப் பேசுவார். அதனாலும்தான் அந்தப் பிள்ளை தாலிக்கொடி என்றதும் எங்களுக்குச் சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் மண்ணில் சில்லு வைத்த சாமான் வெறும் சாமான் அல்ல.

சரி, குவாட் பைக்கின் சொந்தக் கதைக்கு வருவோம். அதன் மூத்த சகோதரத்துக்கு மூன்று சில்லுத்தான். 1970இல் ஹொண்டா நிறுவனம் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காது, அப்போது விற்க ஏதாவது வேண்டும் என்று அங்குள்ள முகவர்கள் கேட்டதால் செய்தது. பலூன் மாதிரிப் பெரிய ரயர், காற்றழுத்தம் மிகக் குறைவு, மணலிலும் பனியிலும் புதையாது. பிள்ளைகளுக்குக் கொள்ளை விருப்பம். ஆனால் திருப்பத்தில் குடை சாய்ந்தது. விபத்துகள் பெருகி, 1988இல் அமெரிக்க அரசுக்கும் கம்பனிகளுக்கும் நீதிமன்ற இணக்கம் ஏற்பட்டு மூன்று சில்லு வண்டியின் விற்பனை நின்றது. அதற்கிடையில் 1980களின் தொடக்கத்தில் சுசுகி நான்கு சில்லு வண்டியை இறக்கிவிட்டது. 1986இல் ஹொண்டா நான்கு சில்லும் இழுக்கும் 350 சீசீ வண்டியைக் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் இது விளையாட்டுச் சாமான் என்ற நிலையில் இருந்து பண்ணை வேலைக்குரிய மெஷினாகவும் மாறியது.

நான்கு சில்லு என்றால் சாயாது என்று நினைக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவில் பண்ணைகளில் தொடர்ந்து உயிரிழப்பு நடந்ததால், 2021 ஒக்டோபரில் இருந்து விற்கப்படும் புதிய பொதுப்பாவனைக் குவாட் எல்லாவற்றுக்கும் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவு கட்டாயம் என்று சட்டம் வந்தது. அதை ஏற்காமல் பெரிய கம்பனிகள் சில அந்தச் சந்தையையே விட்டுப்போயின. அவுஸ்திரேலியாவில் உள்ள நம்மவர்கள் ஊருக்குப் பழைய குவாட் அனுப்பலாமா என்று யோசித்தால், அந்த வளைவு பூட்டியதைப் பாருங்கள்.

இனி அந்தப் பிள்ளைக்கு நாங்கள் எழுதிய பதில். நண்பர்களான இரண்டு மெக்கானிக்குகளிடம் கேட்டுத் திருத்திய பிறகுதான் எழுதினோம்.

தம்பி, கட்டாரில் நீ கண்டது மணல். நெடுந்தீவு முருகைக்கல். மணலில் ரயர் காற்றைக் குறைத்தால் நன்றாக ஓடும். குவாட் ரயரில் சாதாரணமாக இருப்பதே 5, 6 இறாத்தல் அழுத்தம்தான். அவ்வளவு மெத்தென்ற ரயரின் பக்கச் சுவரில் முருகைக்கல் விளிம்பு பட்டால் கத்தி பட்டதுபோல. ஆகவே எந்திரத்தைப் பார்க்க முதல் ரயரைப் பார். ஆறு படை ரயர் எடு, ஓட்டை அடைக்கும் சாமானும் கைப்பம்பும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

நான்கு சில்லு இழுவை உனக்குத் தேவைதான். ஆனால் எந்நேரமும் அல்ல. கரை மணலுக்கும் மாரிச் சேற்றுக்கும் போட்டு, கெட்டித் தரையில் எடுத்துவிடக்கூடியதாக, சுவிச்சில் மாற்றும் வகையைப் பார். முன் சில்லுகளை இறுக்கிப் பூட்டிக்கொண்டு கல்லுத் தரையில் திருப்பினால் ஹாண்டில் கனக்கும், உள்ளே பல்லும் தேயும்.

பெரிய எந்திரத்தில் ஆசைப்படாதே. நெடுந்தீவில் ஏற மலை ஏது? 300 முதல் 500 சீசீ தாராளம். 800, 1,000 என்று போனால் பெற்றோலும் கூடும், பாரமும் கூடும். பெற்றோலும் படகில்தான் வரவேண்டும் என்பதை மறந்துவிடாதே. வெயிலில் மெதுவாக ஓடும் சுற்றுலாச் சவாரிக்கு நீர்க்குளிரூட்டியும் மின்விசிறியும் உள்ளது நல்லது. பெல்ற்றில் இயங்கும் கியர் இல்லாத வகை வருகிற ஆட்களுக்கு லேசு. ஆனால் பெல்ற் நனைந்தால் வழுக்கும், தேய்ந்தால் மாற்றவேண்டும். அந்தப் பெல்ற்றும் பிரேக் கட்டையும் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ எத்தனை நாளில் கிடைக்கும் என்று, வண்டிக்கு முற்காசு கொடுக்க முன்னர் கடைக்கு நேரில் போய்க் கேள். கிடைக்காது என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது பாண்டியன் வாங்கிய குதிரைதான்.

பாரம் பற்றி இன்னொன்று. நான்கு சில்லு இழுவையுள்ள நடுத்தரக் குவாட் ஏறக்குறைய 300 கிலோ வரும். மோட்டார் சைக்கிளை நாலு பேர் தூக்கிப் படகில் வைப்பதைக் குறிகட்டுவானில் பார்க்கிறோம். அலை அடிக்கும்போது படகு ஒரு முழம் ஏறி ஒரு முழம் இறங்கும். அந்த நேரம் 300 கிலோவை யார் பிடிப்பது? ஒரு சில்லு பலகையை விட்டு விலகினால் அம்மாவின் தாலிக்கொடி கடலுக்குள். பராக்கிரமபாகு காலம் என்றால் முக்கால் பங்காவது உனக்கு என்று கல்லில் இருந்தது. இப்போது நீ காப்புறுதிப் பத்திரத்தைத்தான் வாசிக்கவேண்டும். கடற்போக்குவரத்து அதில் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

உப்பு. கரையில் ஓடிய வண்டியை அன்றன்றே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் இரண்டு மாரியில் அடிச்சட்டம் அரித்துவிடும். இதில்தான் எங்களுக்கு மனம் இடறுகிறது. நெடுந்தீவில் குடிநீருக்குச் சனம் கலன்களோடு காத்து நின்றதை நீயும் அறிவாய். வறட்சியில் குதிரைகள் குட்டைகளைத் தேடி அலைந்து செத்ததையும் அறிவாய். அந்த ஊரில் தினமும் இரண்டு வண்டி கழுவ நீர் எங்கேயிருந்து? மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்துவைக்க ஒரு தொட்டி கட்டினால் கட்டு. அந்தச் செலவையும் இன்றைய கணக்கிலேயே சேர்.

ஒருவருக்குரிய வண்டியில் இரண்டு பேரை ஏற்றாதே. பின்னால் பாரம் கூடினால் முன்பக்கம் தூக்கும். இருவர் போகவேண்டுமென்றால் அதற்கென்றே நீளமாகச் செய்த வண்டி உண்டு. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெரிய வண்டியைக் கொடுக்கவே வேண்டாம், தகப்பன் கெஞ்சினாலும். தலைக்கவசம் இல்லாமல் சாவி இல்லை.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடைக்காலத்தில் கைமாறியவற்றில் பத்திரம் சரியில்லாதவையும் இருக்கலாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு பற்றிக் கேட்காமல் காசு நீட்டாதே.

எல்லாவற்றையும்விட முக்கியம் நீ எங்கே ஓடப்போகிறாய் என்பது. வெளிநாட்டில் 'பாதையை விட்டு விலகி ஓடுதல்' என்றால் பொழுதுபோக்கு. எங்கள் மண்ணில் பாதையை விட்டு விலகினால் மிதிவெடி என்று ஒரு தலைமுறையே படித்து வளர்ந்தது. இன்று அந்தப் பயம் குறைந்திருக்கலாம், ஆனால் நெடுந்தீவின் நிலத்துக்கு வேறு சில காரணங்கள் இருக்கின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே சில்லு வைக்காதே. சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய அந்த வேலிகள் ஒரு பம்பர் இடித்தாலே சரியும். அவற்றை அடுக்கத் தெரிந்தவர்கள் இப்போது எத்தனை பேர்? தெற்கு வெளிக் குதிரைகளை வண்டியால் துரத்திப் படம் பிடிக்கக் கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள், கூடக் காசும் தருவார்கள். குட்டியோடு நிற்கும் குதிரை வெயிலில் ஓடினால் அன்று அதற்கு மேய்ச்சலும் இல்லை, நீரும் இல்லை.

இவ்வளவையும் அனுப்பிவிட்டு, பிள்ளையின் மனதை முறித்துவிட்டோமோ என்று இரவு முழுக்க யோசனையாக இருந்தது. பொடியன்கள் ஊரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று நாங்கள்தான் வகுப்பில் தொண்டை கிழியச் சொல்கிறோம். செய்ய வந்தால் நூறு தடை சொல்கிறோம்.

சுபஹுக்குப் பிறகு போனைப் பார்த்தால் பதில் வந்திருந்தது. இரண்டு வேண்டாம், முதலில் ஒன்று. புதியதல்ல, 420 சீசீ பழையது ஒன்று கொழும்பில் பார்த்திருக்கிறாராம், பெல்ற் இல்லை, கியர் வகை. தாலிக்கொடி இந்த முறை தேவைப்படாதாம். குதிரை வெளிக்குப் போகாமல், லாயத்தின் இடிபாட்டில் இருந்து பழைய ஒல்லாந்தர் கட்டடங்கள் வரைக்கும் இருக்கிற வண்டிப் பாதையிலேயே சவாரி. "சேர், அந்தக் கல்வெட்டுக் கதையை வாற ஆக்களுக்குச் சொல்லலாம்தானே, ஒருக்கா எழுதித் தாங்கோ" என்றும் கேட்டிருக்கிறார்.

எழுதிக்கொண்டிருக்கிறோம். வருகிற சனிக்கிழமை குறிகட்டுவானுக்குப் போய், சரக்குப் படகின் வாய் எவ்வளவு அகலம் என்று நூல் பிடித்துப் பார்க்கப்போகிறோம். படகில் இப்படிப் பாரமான வாகனம் ஏற்றி இறக்கிய அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால், எந்த மாதத்தில் கடல் அமைதி, எப்படிப்பட்ட பலகை பிடிக்கும் என்று கீழே எழுதுங்கள். அந்தப் பிள்ளையும் வாசிப்பார்.